மூன்றடித் தொட்டிக்கு எந்த மீன்

இவருக்குப் பாரிசவாதம் வந்து, ஆசுபத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த கிழமை, சோற்றுக் கோப்பையை இவருக்கு முன்னால் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடும்" என்றார். கோப்பையைப் பார்த்தேன். நடுவில் கோடு கிழித்த மாதிரி வலப்பக்கத்துச் சோறு முடிந்திருந்தது. இடப்பக்கத்துச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் பொரித்த மிளகாயும் வைத்தது வைத்தபடி இருந்தன. நான் கோப்பையை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தேன். "கெதியாப் போட்டிட்டீர்" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் சாப்பிட்டார்.

ஆசுபத்திரியில் பயிற்சி கொடுக்கிற பிள்ளை இதை எனக்கு முன்பே சொல்லியிருந்தது. கண்ணில் பழுது இல்லை, மூளைக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று என்று. அவருக்குப் பிடித்ததை எல்லாம் இடப்பக்கம் வையுங்கோ, அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கப் பழக்குங்கோ, முதல் ஒரு வருசம்தான் முக்கியம் என்றும் சொன்னது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டு, சட்டை வெட்டுகிற கடதாசியில் எழுதிக்கொண்டு வந்தேன். அதில் 'ஒரு வருசம்' என்பதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

இவர் மினிபஸ் ஓட்டினவர். சுகமில்லாமல் கிடந்தும் வாய் மட்டும் படுக்கவில்லை. "இடப்பக்கம் கொண்டக்டர் பாக்கிற பக்கம். நான் ஏன் பாக்க வேணும்?" என்பார். சிரிப்பேன். பிறகு குசினிக்குள் போய் நின்று, இந்த மனிசன் எழும்பி நடந்தாலும் றோட்டில் இடப்பக்கத்தால் வருகிற வாகனத்தைக் காணாதே என்று யோசிப்பேன். ஒரு விசயம் கொஞ்சம் நன்றாக நடந்தால் அதற்கு அடுத்ததாக என்ன கெடும் என்று பார்ப்பது என் குணம். மாற்ற முடியவில்லை.

றேடியோவை இடப்பக்கம் வைத்தேன். காதால் கேட்டுக்கொண்டு வலப்பக்கச் சுவரைப் பார்த்தார். கலண்டரை மாற்றி மாட்டினேன். அதையும் இவர் பார்க்கவில்லை, வசதி கலண்டருக்குத்தான். பக்கத்து வளவில் இருக்கிற மச்சாள், அதாவது இவருடைய தமக்கை, ஒரு கண்ணாடிப் போத்தலில் நாலு கப்பி மீன் கொண்டுவந்து வைத்தா. நகத்தளவு மீன்களை இவர் காணவேயில்லை. பயிற்சிப் பிள்ளையிடம் சொன்னேன். அசைகிறது நல்லதுதான், ஆனால் பெரிதாய் அசைய வேணும் என்றது.

அப்போதுதான் பெரிய மீன் என்ற எண்ணம் வந்தது. கட்டிலுக்கும் யன்னலுக்கும் இடையில் இருந்த இடத்தைத் தையல் நாடாவால் அளந்தேன். மூன்றடி ஒரு இஞ்சி நீளம். அகலம், நான் நடந்துபோக விட்டது போக, பதினைந்து இஞ்சி. பட்டினத்துக் கண்ணாடிக் கடையில் அந்த அளவுக்குத் தொட்டி செய்வித்து, தையல் மேசை ஒன்றின் மேல் ஏற்றினோம். பன்னிரண்டு வாளித் தண்ணீர் பிடித்தது. மேசை முறியுமோ என்று இரண்டு நாள் அதற்குக் கீழே குனிந்து குனிந்து பார்த்தேன்.

மீன் கடையில் இருந்தவர் மூன்று ஒஸ்கார் குஞ்சுகளைக் காட்டினார். விரல் நீளம், கறுப்பில் நெருப்புப் பொறி சிந்தின மாதிரி நிறம். ஆளைத் தெரிந்துகொள்ளும், கையில் வாங்கித் தின்னும் என்றார். எவ்வளவு பெரிதாய் வரும் என்று கேட்டேன்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. தொட்டிக்கு ஏத்த மாதிரித்தான் மீன் வளரும்."

அந்த ஒரு வசனம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியாது. அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. முப்பது வருசமாய்ப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிறேன். சட்டைக்கு ஏற்ற மாதிரிப் பிள்ளை வளரும் என்று யாராவது வந்து சொல்லியிருந்தால் முகத்துக்கு நேரே சிரித்திருப்பேன். மீன் என்றபடியால் நம்பினேன்.

முதல் மூன்று மாதம் எனக்குச் சந்தோசமாய்ப் போனது. ஒஸ்கார்கள் கூனி இறாலுக்கு மூடியை முட்டின. தண்ணீர் தெறித்து இவருடைய கையில் விழுந்தது. இடக்கையில். கை உணரவில்லை, ஆனால் சத்தத்துக்குத் தலை கொஞ்சம் திரும்பியது. பிறகு இன்னும் கொஞ்சம். ஒரு நாள் மூன்று மீனும் கண்ணாடியோடு ஒட்டி நின்று இவரைப் பார்த்துக்கொண்டு நிற்க, இவர் அவற்றைப் பார்த்து, "என்னடாப்பா, பஸ்ஸுக்கே நிக்கிறியள்?" என்று கேட்டார். அன்று கோப்பையில் இடப்பக்கம் நாலைந்து பருக்கைதான் மிஞ்சியிருந்தது. மச்சாள் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தா.

மீன்கள் வளருவது நிற்கவில்லை. சாண் அளவாயின. சாணுக்கு மேலே போயின. ஒரு நாள் மாற்றின தண்ணீர் மறுநாள் மணக்கும். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. கண்ணாடி விளிம்பெல்லாம் வெள்ளை படிந்தது. விடிய எழும்பி வாளி வாளியாய் அள்ளி, பிறகு தையலுக்கு இருந்தால் முதுகு நிமிராது. மூன்றில் சின்னதை மற்ற இரண்டும் மூலைக்குள் வைத்துக் குத்தி, அது செத்தது. பிறகு ஒரு பின்னேரம் நான் மெசினில் இருந்தபோது இவர் கூப்பிட்டார். ஓடிவந்தேன். ஒரு மீன் மூடியைத் தள்ளி வெளியே பாய்ந்து, கட்டிலுக்கு இடப்பக்கம் சீமெந்தில் கிடந்தது. அசைவு நின்றிருந்தது. "துடிக்கிற சத்தம் கேட்டது. எங்கை எண்டுதான் தெரியேல்லை" என்றார். முகம் வாடிப்போயிருந்தது. இரண்டு நாளாய்ப் பகிடி ஒன்றும் வரவில்லை.

மிஞ்சின ஒற்றை ஒஸ்கார் எட்டு மாதத்தில் அரை முழத்துக்கு மேலே வந்துவிட்டது. பதினைந்து இஞ்சி அகலத்துக்குள் அது திரும்புவதென்றால் உடம்பை வில்லு மாதிரி வளைக்க வேணும். வாலும் மூக்கும் கண்ணாடியில் தேயும். தலையில் ஊசி குத்தின மாதிரிக் குழிகள் வந்தன. பிறகு அது திரும்புவதையே குறைத்துக்கொண்டு ஒரே பக்கம் பார்த்தபடி நின்றது. இவரும் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"இஞ்சாரும், உதுக்குத் திரும்ப இடமில்லை. எங்கையாலும் கொண்டுபோய் விடும்" என்றார்.

விட்டால் தொட்டி வெறுமையாகும். பயிற்சிப் பிள்ளை சொன்ன வருசத்தில் மூன்று மாதம்தான் மிச்சம். விடாவிட்டால் இது செத்து மிதப்பதை இவர் பார்க்க வேண்டிவரும். பட்டினத்துக் கடைக்காரர் பெரிய மீனைத் திருப்பி எடுப்பதில்லை என்றுவிட்டார். கடைசியில் எனக்குப் பட்டது கிணறுதான். இஞ்சை எல்லாரும் கிணற்றுக்குள் மீன் விடுகிறவர்கள்தானே, தண்ணீரில் நெளிகிற நுளம்புக் குடம்பிப் புழுவைத் தின்னட்டும் என்று. எங்கள் கிணற்றிலும் மச்சாள் விட்ட கப்பி மீன்கள் இருந்தன. அகலமான கிணறு. ஆழத்துக்குக் கணக்கில்லை. ஒரு மீனுக்கு அரண்மனை என்று நினைத்தேன்.

ஆனால் அது பங்குக் கிணறு. மாமா, இவருடைய தகப்பன், இவருக்கும் மச்சாளுக்கும் காணியைப் பிரித்தபோது இரண்டு காணி உறுதியிலும் அரைப் பங்கு என்று எழுதியிருக்கிறது. பங்குக் கிணற்றில் ஒரு கயிறு மாற்றுவதென்றாலும் மற்றப் பங்குக்காரரைக் கேட்டுத்தான் மாற்றுவோம். இறைப்பதற்குக் கேட்போம். கட்டுக்குப் பூசுவதற்குக் கேட்போம். மச்சாள் அந்தத் தண்ணீரில்தான் சாமிக்கும் அள்ளுகிறவ. கேட்டால் வேண்டாம் என்றுவிடுவாவோ என்ற பயத்தில் நான் கேட்கவில்லை. அவ சந்தைக்குப் போன நேரம் பார்த்து, வாளியில் ஒஸ்காரை வைத்துக் கயிற்றில் மெல்ல இறக்கினேன். வாளி சரிந்தது. அது ஒரு தரம் சுற்றி, வளையாமல், நேராய்ப் போனது. அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

அடுத்த எட்டு நாளும் நரகம். ஒன்று, இவர். வெறுந்தொட்டியை இரண்டு நாள் பார்த்தார், பிறகு பார்வை வலப்பக்கச் சுவருக்கே போய்விட்டது. கோப்பையில் சோறு பாதிக்குப் பாதி மிஞ்சத் தொடங்கியது. மற்றது, கிணறு. கப்பி மீன் ஒன்றையும் காணவில்லை. எல்லாவற்றையும் ஒஸ்கார் தின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். மச்சாள் கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் என் தையல் கோணியது.

ஒன்பதாம் நாள் சுகாதாரப் பகுதிக்காரர் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாய் வந்தனர். மழை வெள்ளம் கிணறுகளுக்குள் இறங்கியிருக்கு, நாளைக் காலமை எல்லாக் கிணற்றுக்கும் குளோரின் போடுகிறோம், தண்ணீரை இன்றைக்கே அள்ளி வைத்துக்கொள்ளுங்கோ என்றனர். குளோரின் பட்டால் மீன் சாகும். செத்த மீன் சாமித் தண்ணீரில் மிதக்கும். தனியே பிடிக்கவும் என்னால் ஏலாது. வேலியால் போய் மச்சாளின் குசினி வாசலில் நின்றேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. மீனில் தொடங்கி, திரும்ப இடமில்லாததில் போய், கோப்பைச் சோற்றில் முடித்தேன்.

மச்சாள் அரிசி களைந்துகொண்டு இருந்தா. நிமிரவில்லை.

"எட்டு நாளாப் பாத்துக்கொண்டு இருக்கிறன், நீ எப்ப வாயைத் திறப்பாய் எண்டு."

நான் மீனை விட்ட அன்றே, அவ தண்ணீர் அள்ள வாளி இறக்கினபோது அது மேலே வந்து அவவைப் பார்த்ததாம். பயந்துபோய் வாளியை விட்டுவிட்டாவாம். பிறகு அதுக்கு இடியப்பத்தில் ஒரு துண்டு போட்டுப் பார்த்தாவாம், அது துப்பிவிட்டதாம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினா.

"மீன் விட்டது இல்லைப் பிரச்சினை. அவன் எனக்கும் தம்பிதானே. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நானே வந்து வாளி பிடிச்சிருப்பன். உனக்கு நான் பங்குக்காரியாத்தான் தெரிஞ்சிருக்கிறன்."

அவ அரிசியை மூடிவைத்துவிட்டு ஒரு பெரிய பனையோலைக் கடகத்தை எடுத்து, நாலு மூலைக்கும் கயிறு கட்டி, அடியில் ஒரு கல்லும் ஒரு பிடி கூனி இறாலும் போட்டா. இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்து இறக்கினோம். பிச்சைக்காரன் மாதிரிப் பழகின மீன். கடகத்துக்கு மேலே வந்து தின்னத் தொடங்க, "இழு" என்றா. தண்ணீர் ஒழுக ஒழுகக் கடகம் மேலே வந்தது. உள்ளே அது கிடந்து அடித்த அடியில் இரண்டு பேரும் நனைந்துபோனோம்.

அரியாலையில் ஒருத்தி வீட்டில் சீமெந்துத் தொட்டி கட்டி மீன் வளர்க்கிறா என்று மச்சாள்தான் சொன்னா. ஒழுங்கைக் கடைக்கார மனிசியைக் கொஞ்ச நேரம் இவரோடு இருக்கச் சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்தோம். மீன் வாளி மச்சாளின் மடியில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் தண்ணீர் அவவின் சீலையில் ஊற்றியது. "உந்த மீனாலை நான் நேற்று வெளுத்த சீலையும் போச்சு" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தா. ஆனால் வாளியை இறுக்கிப் பிடித்திருந்தா.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். ஒஸ்காரைப் பார்த்துத் திட்டவில்லை. தலைக் குழிகளைத் தடவிப் பார்த்து, நல்ல தண்ணியில் ஆறும் என்று சொல்லி, மாட்டுத் தொட்டி மாதிரிப் பெரிய ஒன்றில் விட்டா. பிறகு, எனக்கு வேறு பெரிய மீன் வேணும் என்றதும், மீன் ஒன்றையும் காட்டாமல் கேள்வி கேட்கத் தொடங்கினா. தொட்டி எத்தனை அடி. அகலம் எவ்வளவு. தண்ணி மாற்றுகிறது ஆர், எத்தனை நாளுக்கு ஒருக்கால். கிணறு நல்ல தண்ணியோ உப்புச் சவரோ. ஏன் பெரிய மீன்தான் வேணும்.

"சாதகக் குறிப்பும் கேப்பாள் போல கிடக்கு" என்று மச்சாள் என் காதுக்குள் சொன்னா.

கடைசிக் கேள்விக்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவ எங்களைக் கூட்டிக்கொண்டு தொட்டி தொட்டியாய்ப் போனா. குஞ்சுகளைக் காட்டவில்லை, தாய் தகப்பனைத்தான் காட்டினா. குஞ்சு எல்லாம் ஒரே அளவுதான், வளர்ந்ததைப் பாத்துத்தான் வாங்க வேணும் என்றா. தலையில் பந்து வைத்த மாதிரி ஒரு மீன், பிளவர்ஹோர்ன். மச்சாளுக்கு அதில் ஆசை, வீட்டுக்கு அதிர்ஷ்டமாம். ஆனால் அதுக்கு நாலடிக்கு மேலே தொட்டி வேணும், தனியேதான் இருக்கும் என்றா. ஜக் டெம்சி என்று உடம்பெல்லாம் நீலப் புள்ளி போட்ட ஒன்று. வடிவான மீன். அது உங்கடை தொட்டியில் ஒரு வருசம் இருக்கும், பிறகு இதே வாளியோடு இதே ஓட்டோவில் வருவியள் என்றா. தட்டு மாதிரி உயரமான ஒன்றுக்கும் அதே பதில்.

"நீளத்தைப் பாக்காதேங்கோ அக்கா. நீளம் ஓடத்தான். திரும்பிறது அகலத்திலை. வளர்ந்த மீன் வளையாமல் திரும்ப வேணும். உங்கடை பதினைஞ்சு இஞ்சிக்கு ஆறு இஞ்சி மீன். அதுக்கு மேலை ஆர் தந்தாலும் வாங்காதேங்கோ."

மார்பளவை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் பார்த்துச் சட்டை வெட்டின மாதிரி இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. வெட்கமாய் இருந்தது.

அவ தெரிந்தெடுத்துத் தந்தது பயர்மவுத் என்கிற மீன், ஒரு சோடி. சாம்பல் உடம்பு, தொண்டையில் செங்கல் நிறம். ஆறு இஞ்சிக்கு மேலே போகாது. எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் அதுக்குப் பிடிக்குமாம். கோபம் வந்தால் தொண்டையை விரித்துக் காட்டும், அப்போது உள்ளதைவிட இரண்டு மடங்கு தெரியும் என்றா. இவருக்கு இப்போதே தேவை என்றபடியால் குஞ்சைத் தராமல், தான் வளர்த்து வைத்திருந்த பெரிய சோடியையே தந்தா. ஒஸ்கார் எனக்கு, இது உங்களுக்கு என்றுவிட்டு காசுப் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு உடைந்த பூச்சட்டியையும் தட்டைக் கல்லொன்றையும் தந்து, மணலும் போடச் சொன்னா.

வீட்டுக்கு வந்து, குளோரின் போடமுதல் தொட்டியிலும் வாளிகளிலும் கிணற்றுத் தண்ணீரை அள்ளி நிரப்பி, மீன்களைத் தொட்டிக்குள் விட்டோம். இரண்டும் நேரே போய்ப் பூச்சட்டிக்குப் பின்னால் ஒளித்தன. சட்டி இருந்தது கட்டிலின் தலைமாட்டுப் பக்க மூலையில், இவருடைய இடத் தோளுக்கும் பின்னால். ஒஸ்கார் எப்போதும் நடுவில் நிற்கும், கொஞ்சம் திரும்பினால் போதும். இது முழுக்கத் திரும்பினால்தான் தெரியும். சட்டியை நடுவுக்கு மாற்றினேன். மீன்கள் மணலைத் தள்ளிக்கொண்டு அந்த மூலைக் கல்லுக்கே போயின, சட்டியையும் திரும்ப அங்கேயே வைத்தேன்.

"வெறுந்தொட்டியை ஏன் வைச்சிருக்கிறீர்?" என்று இவர் கேட்டார்.

மீன் இருக்கு என்றேன். எங்கை என்றார். சொன்னேன். வலப்பக்கம் பார்த்துக்கொண்டே, "ஓம் ஓம்" என்றார், சின்னப் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி.

சரியான மீனை எடுத்துப் பிழையான மனிசனுக்கு வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒஸ்காராவது இருந்திருந்தால் என்றும் நினைத்தேன், பிறகு அதன் வில்லு வளைந்த முதுகு கண்ணுக்குள் வரும். மச்சாள் ஒவ்வொரு நாளும் வந்து தொட்டிப் பக்கமாய்க் கதிரையைப் போட்டு, அங்கே இருந்துதான் தம்பியோடு கதைத்தா. இவர் வலப்பக்கம் பார்த்துப் பதில் சொன்னார். சண்டை பிடித்தா. பழைய கதை சொன்னா. "உன்ரை முகத்தைப் பாத்து நான் கதைக்கக் கூடாதோ? நான் என்ன பயணியோ, பின்னாலை இருந்து மணியடிக்க?" என்று கேட்டா. இவர் சிரித்தார், திரும்பவில்லை. இரண்டு கிழமை இப்படிப் போனது.

அன்று காலமை நான் முன்னறையில் ஒரு கலியாணச் சட்டைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். இவர் கூப்பிட்டார். அவசரக் குரல் இல்லை. எனக்கு எந்தக் குரலும் அவசரம்தான், ஊசியோடு ஓடினேன்.

"இஞ்சாரும், உதுகள் என்ன செய்யுதுகள்? குழி கிண்டுதுகள்."

"எங்கை?"

"உந்த மூலையிலை. கல்லுக்குப் பக்கத்திலை. பெட்டை கிண்டுது, மற்றவர் நிண்டு பாக்கிறார்."

நான் தொட்டியை முன்னாலிருந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சுற்றிப் போய்த் தலைமாட்டுப் பக்கம் குனிந்து பார்த்தேன். கல்லின் சாய்ந்த பக்கத்தில் கடுகைவிடச் சின்னதாய் முட்டைகள் ஒட்டியிருந்தன. பெண் மீன் வாயால் மணலை அள்ளி அப்பால் துப்பியது. ஆண் என்னைக் கண்டதும் தொண்டையை விரித்தது. அந்தச் சிவப்பை நான் அப்போதுதான் முதலில் பார்க்கிறேன். தினமும் தண்ணீர் மாற்றுகிற நான், இரண்டு கண்ணும் சரியாய் இருக்கிற நான், அந்த முட்டைகளைக் காணவில்லை.

நிமிர்ந்து இவரைப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்து நின்றது. முகம் முழுக்கத் திரும்பி, நாடி இடத் தோளில் முட்டிக்கொண்டு இருந்தது. நெற்றியில் வேர்வை. சேட்டின் இடக் கை போட மறந்து பின்னால் தொங்கியது. அதைப் போட்டுவிடப் போனேன், பிறகு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

முட்டை பொரித்தால் குஞ்சு எத்தனை வரும், இந்தத் தொட்டிக்குள் அவை எங்கே நிற்கும், அரியாலைக்கு எத்தனை வாளியில் கொண்டுபோவது என்று எனக்குள்ளே ஓடத் தொடங்கிவிட்டது. பூச்சட்டி முட்டைகளின் மேல் சரிந்துவிடும் போலிருக்க, நேராக்கி வைக்கலாம் என்று கையைத் தண்ணீருக்குள் விட்டேன்.

"கையை எடும்" என்றார், கண்ணை அந்த மூலையிலிருந்து எடுக்காமல். "அவர் காவல் நிக்கிறார். நான் பாக்கிறன்."